கோடு போடாத சிமெண்ட் வாசல்

பாத்து, பாத்து! அங்க கால வெக்காத, தடுக்கும்! கேட்டையும் தள்ளாதம்மா... அது அவ்வளவுதான் திறக்கும். கீழ தரை உப்பிண்டு வந்து கேட்டோட அடியப் பிடிச்சுண்டிருக்கு. அப்படியே ஒருக்களிச்சு நுழைஞ்சுடு. நீ ஒல்லி, சுலபமா வந்துடுவ. எங்காத்து மாமா இருக்காரே, சுந்தரராமன், அவர் தெனம் காலம்பர வாக்கிங் போறச்சே மூச்ச உள்ள இழுத்துண்டு, தொந்திய ரெண்டு கையாலயும் அமுக்கிண்டு வெளில போறத நீ பாக்கணும். டிக்கெட் போட்டுக் காட்டலாம். காரா? கார் மூணு வாரமா உள்ளேயேதான் கெடக்கு. மனுஷன் ஆட்டோல காலேஜுக்குப் போயிண்டிருக்கார்.

உக்காரு, படியிலயே உக்காரு. நீதானே எதிர் வரிசைல அந்த மஞ்சள் வீட்ட வாங்கியிருக்கறது? வஜீஹா. சரோஜாதேவி சொன்னா. அவகிட்ட ஒரு பேரு போச்சுன்னா போதும், பத்து நிமிஷத்துல தெருமுனை இஸ்திரிக்காரன் வரைக்கும் போயிடும். நான் காமாக்ஷி. ஆன்ட்டின்னு கூப்பிடு, மாமின்னு கூப்பிடு, எதுவானாலும் சரி. மேடம்னு மட்டும் கூப்பிடாத. அப்படிக் கூப்பிட்ட ஒருத்தனாலதான் நான் இப்ப இந்தக் கதில இருக்கேன்.

என்ன கேட்ட?... சிதம்பரநாதன் மேஸ்திரியா? ஐயையோ! நம்பர் கையில இருக்கா? அப்பறம் என்கிட்ட எதுக்கு... ஓ, ஆள் எப்படின்னு விசாரிக்க வந்தியா! வந்தியே சரியான எடத்துக்கு! எழுதிக்கோ. வேண்டாம். வேண்டவே வேண்டாம். சைதாப்பேட்டைலேர்ந்து வரான், பேச்சு மட்டும் அப்படியே சர்க்கரையா இருக்கும். வேலையப் பாரு, இதோ கண்ணெதிர்ல கெடக்கு. கேட்டுலேர்ந்து ஆரம்பிச்சு, நடுவுல ஒரு வளைவு, திரும்ப ஒரு வளைவு, போர்ட்டிகோ தூண் வரைக்கும் போறது பாரு விரிசல். மேப்புல அடையாறு போற மாதிரி இல்ல? என் சுண்டுவிரல் உள்ள போறது. கட்டெறும்பெல்லாம் குடும்பத்தோட குடியேறி, பால் காய்ச்சாததுதான் பாக்கி. மே மாசம் போட்ட தரை! ஏழே மாசம்!

நான் சும்மா விட்டேனா? நம்ம தெரு வாட்ஸப் குரூப்புல போட்டுட்டேன். மூணு போட்டோ. ஒண்ணுல அளவு தெரியறதுக்காகப் பக்கத்துல ஸ்கேல் வெச்சு எடுத்தேன். கீழ 'பிவேர் ஆஃப் திஸ் மேசன்'னு ஆரம்பிச்சு நாலு பாரா. கான்வெண்ட்ல எங்க சிஸ்டர் பாத்திருந்தா கம்ப்ளெயிண்ட் லெட்டருக்குப் பத்துக்குப் பத்து போட்டிருப்பா. முப்பத்தெட்டு பேர் கைதட்டற பொம்ம போட்டா. நாலாம் நம்பர் வீட்லயும், அந்த மூலை வீட்லயும் அவனுக்குக் குடுக்கறதா இருந்த வேலைய உடனே வேண்டாம்னுட்டா. ஒரே நாள்ல!

...ம்? அவன் பொழப்பு போச்சேங்கறியா? அதுக்கென்ன. சொல்லணும்னு தோணித்து, சொன்னேன்.

காபி குடிக்கறியா? டீயா? இரு இரு, போட்டுத் தரேன், முதல்ல இதக் கேட்டு முடி. வந்த அன்னிக்கே ஆரம்பிச்சான். கடப்பாரையால குத்தி ஒரு கட்டி மண்ண எடுத்தான். தண்ணி தெளிச்சு உள்ளங்கைல வெச்சு உருட்டினான். முறுக்குக்குத் திரிக்கற மாதிரி நீளமா, பென்சில் கனத்துக்கு. ஒடையவே இல்ல. 'இத்தப் பாத்தீங்களா மேடம், புட்டுக்காம வருது. சுத்தமான களிமண்ணு. ஆத்தங்கரையாண்ட எல்லாம் இப்படித்தான் கீது. மழைக்கு உப்பும், வெய்யிலுக்கு சுருங்கும். கல்யாண சாப்பாடு துன்ன வயிறு மாதிரி'ன்னான். சொல்லிட்டு எங்காத்துக்காரர் வயித்த வேற ஒரு பார்வ பாக்கறான்! இவரும் சிரிக்கறார். கெமிஸ்ட்ரி புரொபசர், மானம் ரோஷம் கிடையாது.

அப்பறம் ரெண்டடிக்குத் தோண்டினான் பாரு. இருந்த களிமண்ண எல்லாம் வாரி லாரில ஏத்தி அனுப்பிட்டான். கிராவல் கொட்டி, தண்ணி விட்டு, திமிசு போட்டு இடி இடின்னு இடிச்சான். மூணு நாள்! எங்காத்து ஷோகேஸ்ல கொலுப் பொம்மை வெச்சிருக்கேன், அதுல கிருஷ்ணர் அந்த அதிர்வுலயே மெல்ல மெல்ல நகந்து, மூணாம் நாள் எனக்கு முதுகக் காட்டிண்டு நிக்கறார். சுவரோரமா தெர்மாகோல் பட்டை சொருகினான். எதுக்குடாப்பான்னா, 'தரை ஆடும், செவுரு ஆடாது. ரெண்டையும் ஒட்டவெச்சா ரெண்டும் கெடும்'னான். கம்பி கட்டினான். அஞ்சு அங்குலம் கனத்துக்குப் போட்டான். ஈரச்சாக்கு போத்தி, புள்ளத்தாச்சிய பாத்துக்கற மாதிரி பதினாலு நாள் தண்ணி விட்டான். ஒரு நாள் கூட லீவு எடுக்கல.

அத சொல்லணும். இல்லாதத சொல்ல மாட்டேன் நான்.

...என்னது? சரோஜாதேவி வீடா?

ஆமா. அவ வீட்லயும் அவன்தான் போட்டான். அதே மே மாசம்தான். இங்க முடிச்சுட்டு நேரா அங்க போனான். மண்ணும் அதே மண்ணுதான், நடுவுல நாலு வீடுதானே. ...அவ வாசல்ல விரிசல் இல்ல. தெரியும். எனக்கும் கண் இருக்கு. போய்ப் பாத்துட்டுத்தான் வந்தியா? அமுக்கமான பொண்ணு நீ! ஆனா அழகா சொல்லு அது? பத்தடிக்கு ஒரு கோடு, குறுக்க ஒண்ணு நெடுக்க ஒண்ணு, மெஷின வெச்சு அறுத்து... அது வாசலா? மைசூர்பாகு தட்டு! போதாததுக்கு ஒரு பக்கமா சரிச்சு விட்டிருக்கான். வாட்டம்னு பேராம். ஒரு பக்கெட் தண்ணி கொட்டினா நிக்காம ஓடித் தெருவுக்குப் போயிடணுமாம்.

எங்க வாசல்ல ஏன் கோடு இல்லையா?

ஏன் வாட்டம் இல்லையா?

ஏம்மா இப்படிக் குறுக்குக் கேள்வி கேக்கற, நீ என்ன வக்கீலா? ...நிஜமாவே வக்கீலா! சைதாப்பேட்டை கோர்ட்லயா! முதல்லயே சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்கு வாயத் திறந்துண்டு...

சரி. சொல்றேன். சிரிக்கக் கூடாது.

மார்கழிக்குக் கோலம் போடணும்மா எனக்கு. போன மார்கழில அந்த சரோஜாதேவி அவ வாசல்ல இருபத்தோரு புள்ளிச் சிக்குக் கோலம் போட்டா. தெருவே நின்னு போட்டோ எடுத்தது. எங்க வாசல்ல அப்ப வெறும் மண்ணு, ரெண்டு ஓட்டக் கல்லு. என்னத்தப் போடறது? அப்பவே மனசுல முடிச்சுப் போட்டுண்டேன். முப்பத்தோரு புள்ளி. இழையா, அரிசி மாவக் கரைச்சு. அதுக்குத் தரை கண்ணாடி மாதிரி ஒரே பரப்பா வேணும். நடுவுல கோடு இருந்தா புள்ளி போய் அந்தப் பள்ளத்துல விழும். இழை அங்க வந்து ஒடைஞ்சு நிக்கும். வாட்டம் இருந்தா மாவு வழிஞ்சு ஒரு பக்கமா கோணிண்டு போகும். நீ கோலம் போட்டுப் பாத்தாத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்.

அவன்கிட்ட சொன்னேன். கோடு வேண்டாம், சரிவும் வேண்டாம்னு. அவன் எவ்வளவோ சொல்லிப் பாத்தான். 'மேடம், சிமெண்டு எங்கியாவது விரிஞ்சே ஆவும். எங்க விரியணும்னு நாம முன்னாடியே கோடு போட்டு சொல்லிக் குடுத்துட்டா, சமத்தா அந்தக் கோட்டுக்குள்ளயே விரிஞ்சுக்கும், கண்ணுக்குத் தெரியாது. சொல்லிக் குடுக்கலன்னா அது இஷ்டத்துக்குக் கிழிச்சுக்கும்'னான். நான் கேக்கணுமே! போட்ட அன்னிக்கு மட்டக் கட்டை வெச்சு வாட்டம் இழுத்திருந்தான். ஈரம் காயறதுக்குள்ள நான் பக்கத்துல நின்னு, திரும்ப எல்லாத்தையும் தட்டையாக்க வெச்சேன். மறுநாள் காலம்பர கோடு வெட்டற மெஷினத் தூக்கிண்டு வந்துட்டான், மனசு கேக்காம. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? கேட்டப் பூட்டிட்டு, குளிக்கப் போறேன்னு உள்ள போயிட்டேன். அவன் வெளிலேர்ந்தே கத்தறான், 'மேடம், மத்தியானத்துக்குள்ள வெட்டியாவணும், அப்பால பிரயோஜனம் இல்ல'ன்னு. நான் பாத்ரூம்ல குழாயப் பெரிசாத் திறந்து விட்டுட்டேன்.

அப்பறம் என்ன? வெய்யிலுக்கு மயிரிழையா ஒரு விரிசல் விட்டுது. பெரிசா எடுத்துக்கல. ஐப்பசில மழை கொட்டித்து. வாட்டம் இல்லாததால தண்ணி அப்படியே குளமா நின்னு, அந்த விரிசல் வழியா உள்ள எறங்கி, அவன் தோண்டின ரெண்டடிக்கும் கீழ இருக்கற களிமண்ணு ஊறி... அதான் சொன்னானே, கல்யாண சாப்பாடு! உப்பித் தூக்கி கேட்டப் பிடிச்சுண்டுடுத்து. எங்காத்து மாமாவுக்கு எல்லாம் தெரியும். தெனம் அந்த இடுக்குல நுழையறச்சே என்னை ஒரு பார்வ பாக்கறார், அவ்வளவுதான். அதுக்கு நாலு வார்த்த திட்டியிருந்தா தேவலாம்.

இல்லம்மா, குரூப்புல நான் இத எழுதல. எப்படி எழுதுவேன்? கோபத்துல போட்டோ எடுத்தேன், போட்டேன். அவன் ஒரே ஒரு தடவ போன் பண்ணினான். சண்டையெல்லாம் இல்ல. 'மேடம், மழை நிக்கட்டும், நானே வந்து கேட்டாண்ட மட்டும் அறுத்து எடுத்துட்டு வாட்டம் குடுத்துப் போட்டுத் தரேன். ஆனா இந்தத் தெருல எனக்கு இன்னும் ரெண்டு வேலை இருந்துது மேடம்'னான். அவ்வளவுதான் சொன்னான். நான் அடுப்புல பால் பொங்கறதுன்னு சொல்லி வெச்சுட்டேன். அடுப்புல ஒண்ணுமே இல்ல.

அதுலேர்ந்து ஒரு மாதிரி இருக்கு. இருக்கட்டும். இப்ப நீ வந்துட்டியோல்லியோ? நீ அவனுக்கு வேலை குடுத்துடு. உனக்கும் நல்ல தரை, அவனுக்கும் ஒரு வீடு கெடைச்ச மாதிரி ஆச்சு. என் மனசும் லேசாயிடும். யாரும் யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம். எவ்வளவு அழகா முடியறது பாரு!

...முடியாதா?

நானே எழுதணுமா. குரூப்புல. இன்னிக்கே.

நீ வேலை குடுப்ப, ஆனா அந்த நாலாம் நம்பரும் மூலை வீடும் திரும்ப வரணும்னா நான் எழுதினாத்தான் உண்டுங்கற. நல்லா இருக்கே நியாயம். ...சரி, சரி. அந்தப் பார்வ பாக்காத. ஜட்ஜ் முன்னால நிக்கறாப்பல இருக்கு. போன எடு, அதோ அந்த நாற்காலில. கண்ணாடியும். இதோ எழுதறேன். 'இட் ஹேஸ் கம் டு மை நோட்டீஸ் தட் சர்டன் எரர்ஸ்...' என்ன? புரியலையா? புரியக் கூடாதுன்னுதானே இப்படி எழுதறேன்! ...தமிழ்லயா? 'நான் பண்ணினேன்'னு தெளிவா எழுதணுமா? சரோஜாதேவி ஃப்ரேம் போட்டு மாட்டிப்பாம்மா!

சரி. எழுதறேன். இரு. 'எங்கள் வாசல் விரிசலுக்குக் காரணம் மேஸ்திரி இல்லை. கோடு வெட்டவும் வாட்டம் கொடுக்கவும் அவர் சொன்னார். கோலத்துக்காக வேண்டாம் என்று தடுத்தது நான். அவர் வேலை நல்ல வேலை. காமாக்ஷி சுந்தரராமன்.' போதுமா? 'மன்னிக்கவும்' போடணுமா? ...போட்டாச்சு. அனுப்பட்டுமா? கண்ண மூடிண்டு அனுப்பறேன். ...போயிடுத்து.

ஐயோ, ரெண்டு நீலக் கோடு வந்துடுத்து அதுக்குள்ள! மூலை வீட்டம்மா ஏதோ டைப் பண்றா. 'மேஸ்திரி நம்பர் மறுபடி அனுப்ப முடியுமா'ன்னு கேக்கறா. சரோஜாதேவி வேற... 'எத்தனை புள்ளி மாமி?'ன்னு கேக்கறா. கொழுப்பு! முப்பத்தோண்ணுடின்னு போடப் போறேன். அடுத்த வருஷம் பாத்துக்கறேன் அவள. இதப் பாரு வஜீஹா, இவ...

வஜீஹா? எங்க போயிட்ட? அடிப்பாவி, அதுக்குள்ள கேட்டத் தாண்டியாச்சா! போன் யாருக்கு? அவனுக்கா! எடுத்துட்டானா! சொல்லு, சொல்லு, எட்டடிக்கு ஒரு கோடு போடச் சொல்லு! பத்துங்கிறான்னா நம்பாத, எட்டு! வாட்டமும் கொஞ்சம் தாராளமாவே குடுக்கச் சொல்லு! வேலை ஆரம்பிச்சதும் நான் வந்து பக்கத்துலயே நின்னு பாத்துக்கறேன்னு...

என்ன சொல்றான்? கேக்கல, உரக்கச் சொல்லு!

...வேலை முடியற வரைக்கும் நான் உங்காத்துப் பக்கமே வரக்கூடாதா? அதுதான் கண்டிஷனா?

அவர்கிட்ட சரின்னு சொல்லு! எங்காத்து மொட்டை மாடிலேர்ந்து பாத்தாலே நன்னாத் தெரியும்!