என் எலிமினேட்டரில் கோளாறு இல்லை

டிலே பெடல் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் சத்தத்தைத்தான் கேட்பார்கள். அது தப்பு. அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மின் ஆய்வாளர் என்ற முறையில் நீங்கள் அந்தப் பெட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டு, இது என்ன சாமான் என்று ஆபீசில் எல்லாரையும் கேட்டீர்களாம். சொல்கிறேன், சார். கிதார் வாசிப்பவர் காலடியில் வைத்து மிதிக்கிற பெட்டி அது. கிதாரில் ஒரு தடவை மீட்டினால் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்து திருப்பிச் சொல்லும். மூன்று குமிழ் உண்டு. எவ்வளவு நேரம் கழித்துச் சொல்ல வேண்டும், எத்தனை தடவை சொல்ல வேண்டும், எவ்வளவு பலமாகச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

என் பெயர் சுப்பராயலு. ஆரணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். யார் ஆபீசுக்கும் தேடிப் போய் நிற்கிற வழக்கம் எனக்கு இல்லை. கிதார்க்காரர் சக்கரவர்த்தியின் சாவுக்குக் காரணம் 'தரமற்ற உள்ளூர் வேலைப்பாட்டால் எலிமினேட்டரில் ஏற்பட்ட மின்கசிவு' என்று நீங்கள் எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்த எலிமினேட்டரைச் செய்தவன் நான். பதினெட்டு வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். சுப்பராயலு பற்றவைத்த ஈயம் விட்டுப்போச்சு என்று ஆரணியில் ஒருத்தர் சொல்ல மாட்டார். அதனால்தான் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வேலூர் வந்தேன்.

சக்கரவர்த்தியை உங்களுக்குப் பிணமாகத்தான் தெரியும். உயிரோடு இருந்தவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பகலில் நெசவுக்காரர்களுக்குப் பட்டு நூலும் ஜரிகையும் விற்பார். சாயங்காலம் ஆனால் கிதார். சமணக் குடும்பம், நயினார் என்றுதான் கூப்பிடுவோம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். கச்சேரி உள்ள நாளில் ஐந்தரைக்கே வீட்டில் இலை போட்டாக வேண்டும். கல்யாணம், திருவிழா என்றால் எங்கள் மெல்லிசைக் குழுவைத்தான் கூப்பிடுவார்கள். குழு அவருடையது. மைக்கும் ஆம்பிளிஃபயரும் என் பொறுப்பு.

இந்த வருடம், எண்பத்து நாலு சித்திரையில் ஒரு நாள் கடைக்கு வந்தார்.

"வேலூர் கோஷ்டிக்காரன் எக்கோ மெஷின் வச்சிகினு வாசிக்கிறாம்பா. அதுக்கு முன்னாடி நம்ம கிதாரு தகர டப்பா மாதிரி கீது. சின்னதா காலால மிதிக்கிற பெட்டி வந்துகீதாமே, டிலேன்னு. அது ஒண்ணு வாங்கணும். எதுன்னு நீதான் சொல்லணும்."

நானும் அவருமாக மெட்ராசுக்குப் போனோம். பர்மா பஜாரில் ஒரு கடை. கடைக்காரர் இரண்டு பெட்டியை எடுத்து வைத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சக்கரவர்த்தி முக்காலியில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றி மிதித்து வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஜரிகையை விரலால் தேய்த்துப் பார்க்கிற அதே முகம். சிவப்புப் பெட்டியின் சத்தம் இதமாக இருந்தது. திரும்பி வரும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் கனத்து வந்தது. நீலத்தில் எல்லாம் துல்லியம். முதலில் வாசித்தது எது, திரும்பி வந்தது எது என்றே தெரியாது. நல்ல காது உள்ள எவனும் சிவப்பைத்தான் எடுப்பான். அவரும் அதைத்தான் எடுத்தார்.

"சார், அது பேட்டரில மட்டுந்தான் ஓடும். நீலத்துல பாருங்க, சைடுல ஓட்டை கீது. எலிமினேட்டர் சொருவிக்கலாம்" என்றார் கடைக்காரர்.

அந்த ஓட்டையைப் பார்த்ததும் எனக்கு என் தம்பி ஞாபகம் வந்தது.

எலிமினேட்டர் என்றால் பேட்டரிக்குப் பதிலாகச் சுவர் பிளக்கிலிருந்து மின்சாரம் எடுத்து, அதை ஒன்பது வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிற பெட்டி. உங்களுக்குத் தெரியாததல்ல. ஒன்பது வோல்ட் பேட்டரி யாரையும் ஒன்றும் செய்யாது. நாக்கில் வைத்தால் கொஞ்சம் புளிக்கும். சுவரிலிருந்து வருவது அப்படி இல்லை.

"நயினார், பாட்டு நடுவுல பேட்டரி படுத்துகிச்சின்னா என்னா பண்ணுவீங்க? நீலத்தை எடுத்துக்குங்க. எலிமினேட்டர் நானே செஞ்சி குடுக்கறேன்" என்றேன்.

அவர் சிவப்புப் பெட்டியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். "சத்தம் இதுலதாம்பா நல்லா கீது" என்றார். பிறகு கீழே வைத்துவிட்டார். "சரி, நீ சொன்னா சரி."

பெடலைத் தேர்ந்தெடுத்தது யார் என்று உங்கள் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தால், நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என் தம்பி பெயர் தயாளன். பத்தொன்பது வயது. குழுவில் பாடிக்கொண்டிருந்தான். எங்கள் அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான். எழுபத்தொன்பது தை மாதம் கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. இன்றைக்கு வரும் வழியில்கூட அந்த மண்டபத்துக்கு எதிரில்தான் பஸ் நின்றது. தயாளன் ஒரு கையில் மைக்கைப் பிடித்தபடி, சத்தம் கூட்டுவதற்காக இன்னொரு கையால் ஆம்பிளிஃபயர் குமிழைத் தொட்டான். ஆம்பிளிஃபயருக்குள் மின்சாரம் கசிந்திருந்தது. எர்த் கம்பி இருந்திருந்தால் அது மண்ணுக்குப் போயிருக்கும். எர்த் இல்லை. அதனால் தயாளன் வழியாகப் போனது. ஆம்பிளிஃபயர் யாருடையது? சக்கரவர்த்தியுடையது. சொந்தக்காரர்தானே பொறுப்பு.

அது மட்டும் என்றால் மன்னித்திருப்பேனோ என்னவோ. விழுந்து துடித்தவனை வலிப்பு என்று நினைத்துவிட்டார்கள். நம் ஊரில் வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பார்கள் இல்லையா, யாரோ சாவிக் கொத்தைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் திணித்தார். திணித்தவர் கையையும் வெடுக்கென்று இழுத்ததாம். அதைத் தயாளனின் உதறல் என்று நினைத்தாராம். சக்கரவர்த்தி மற்றவர்களைப் பார்த்து, "நிறுத்தாதீங்க, வாசிங்க. கல்யாண வீடு, ஜனங்க பயந்துக்கும்" என்றாராம். எல்லாரும் வாசித்தார்கள். அவரும் வாசித்தார்.

நான் அப்போது பந்தியில் இருந்தேன். பாயசம் இரண்டாம் முறை வந்தது, வாங்கிக்கொண்டேன். பாட்டு நின்றிருந்தால் எச்சில் கையோடு ஓடியிருப்பேன். ஓடிப் போய் மெயினை அணைத்திருப்பேன். பாட்டு நிற்கவில்லை. நாலு நிமிஷம் நிற்கவில்லை. நான் கை கழுவிக்கொண்டு வந்தபோது அவன் விரல்கள் சாவியை மூடியிருந்தன.

அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் வெறுப்பு. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஐந்து வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மைக்கைச் சரிசெய்து, அவர் வீட்டு இட்லியைத் தின்று வெறுத்தேன். என்ன செய்வது என்றுதான் தெரியாமல் இருந்தது. பர்மா பஜாரில் தெரிந்தது.

எலிமினேட்டரைச் செய்ய எனக்கு ஒரு மாதம் ஆனது. சாதாரணமாக ஒரு பகல் வேலை. உள்ளே என்ன செய்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த மூடியை மறுபடியும் திறந்து, நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு பற்றவைப்பும் எப்படி உருண்டு பளபளவென்று இருக்கிறது என்று பாருங்கள். கைதவறிச் செய்தவன் வேலையா அது? ஆடிக் கச்சேரி வரைக்கும் அவர் பெடலில் பேட்டரி போட்டுத்தான் பழகினார். பேட்டரிகளை நானே வாங்கிக் கொடுத்தேன். எலிமினேட்டரை வீட்டுக்கு எடுத்துப் போகக் கேட்டார். கொடுக்கவில்லை. அவர் மனைவி கனகவதி கூட்டிப் பெருக்கும்போது தொட்டுவிட்டால் என்ன ஆவது? யாரோ ஒரு பெண்ணுக்கு அநியாயம் செய்கிறவன் இல்லை நான்.

ஆடி மாதம் எங்கள் ஊரில் நெசவுத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். தறிகளுக்கு அன்று லீவு. சாயங்காலம் ஆறரைக்குக் கச்சேரி. கோயிலுக்கு எதிரில் சிமெண்ட் மேடை. கழுவிவிட்ட ஈரம் காயவில்லை. சக்கரவர்த்தி எந்த மேடையானாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவார். கிதாரைத் தோளில் மாட்டியதும் ஒரே ஒரு தந்தியை மீட்டிப் பார்ப்பார். பிறகு இடது கையைத் தந்தியிலேயே வைத்துக்கொண்டு, வலது கையால் மைக்கைப் பிடித்து வணக்கம் சொல்வார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட இந்த வரிசை மாறியதில்லை.

மேடை ஏறுவதற்கு முன் எனக்குத் தூக்குப் பாத்திரம் ஒன்று கொடுத்தார். "சாப்புடுப்பா. நான் பொழுதோட முடிச்சிட்டேன்" என்றார். பிறகு பெடலைப் பார்த்துக்கொண்டே, "தயாளன் இருந்திருந்தா இந்த எக்கோவுல அவன் கொரலு எப்படி இருந்திருக்கும். தினம் நெனச்சிகினுதாம்பா கீறேன்" என்றார்.

"நெனச்சி என்னா நயினார் ஆவப்போவுது" என்றேன். அவன் பெயரை அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அதுவரை ஒரு ஓரத்தில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அதுவும் போய்விட்டது.

எத்தனை தடவை என்ற குமிழை நானே கடைசி வரை திருப்பி வைத்தேன். அப்படி வைத்தால் திரும்பிச் சொல்வது நிற்கவே நிற்காது. அவர் ஒரு தந்தியை மீட்டினார். மைக்கைப் பிடித்தார். வணக்கம் வரவில்லை. தந்திச் சத்தம் மட்டும் திரும்பித் திரும்பி வந்தது. ஜனங்கள் புது மெஷினின் வேலை என்று நினைத்து விசில் அடித்தார்கள். அவர் விழுந்தபோது டிரம்ஸ்காரர் கையை நிறுத்தப் பார்த்தார். நிறுத்தாதே என்று நான்தான் சைகை காட்டினேன்.

யாரோ வலிப்பு என்றார்கள். சாவி கேட்டார்கள். என் கடைச் சாவியைக் கொடுத்தேன். கையில் திணிக்கப் போனவரைப் பார்த்து, "தொடாதீங்க, சாவிய தூக்கிப் போடுங்க" என்றேன். இன்னொருத்தருக்கு ஆபத்து வரக் கூடாது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று யாரும் அப்புறம் யோசிக்கவில்லை. மெயின் ஸ்விட்ச் எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து, நாலு நிமிஷம் ஆனதும் அணைத்தேன். தந்திச் சத்தம் அப்போதுதான் நின்றது.

இது கோளாறு அல்ல, சார். நான் செய்தது. நினைத்தபடியே நடந்தது. அப்படி எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொரு சின்ன விஷயம். இதை நானே சொல்லிவிடுகிறேன், கனகவதி அம்மா வந்து சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும். சக்கரவர்த்தியின் ஈமக் காரியம் முடிந்த மறுநாள் அந்த அம்மா என் கடைக்கு வந்து ஒரு பொட்டலம் வைத்தார்.

"அண்ணே, இத உங்ககிட்ட காட்டவே கூடாதுன்னு சொல்லுவாரு. இப்ப அவரே இல்ல. எனக்கு வச்சிக்க மனசு வரல" என்றார்.

உள்ளே ஒரு பழைய பிளக் இருந்தது. கண்ணமங்கலத்தில் அந்த ஆம்பிளிஃபயரில் மாட்டியிருந்தது.

"உங்க தம்பி போன அன்னிக்கு, போலீஸ் வர்றதுக்குள்ள இதைக் கழட்டி வேட்டி மடிப்புல வச்சிகினு வந்துட்டாரு. 'இத யாராவது பாத்தா தம்பிய அண்ணனே கொன்னுட்டான்னு எழுதிடுவாங்க கனகா, அவன் தாங்க மாட்டான்'னு சொன்னாரு. உங்க முன்னாடி வாயே தெறக்கல."

பிளக்கின் எர்த் கம்பி வெட்டப்பட்டிருந்தது. என் கட்டிங் பிளேயரின் வெட்டு. இடது ஓரம் கொஞ்சம் மழுங்கியிருக்கும், பார்த்ததும் தெரியும். அன்றைக்குக் கச்சேரி ஆரம்பித்ததிலிருந்து ஆம்பிளிஃபயர் உர்ரென்று உறுமிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். "அத்த ஜல்தி நிறுத்துப்பா, பேஜாரா கீது" என்றார் சக்கரவர்த்தி. எர்த் கம்பியை வெட்டினால் உறுமல் நிற்கும். எங்கள் பக்கத்தில் மைக் செட்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். வெட்டினேன். உடனே நின்றது. அதன் பிறகுதான் பந்திக்குப் போனேன். நிறுத்தச் சொன்னது அவர்தானே, சார்?

பொட்டலத்தை நேற்று கமண்டல நாகநதிக்கு எடுத்துப் போனேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தேன்.

எலிமினேட்டரைப் பற்றி நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். தூக்கில் போட்டாலும் சரி. பிளக்கைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுத வேண்டாம்.