சைவ உடம்புக்கு ஒரு ஊசி

எழுபதுகளில் ஒருநாள், திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ் புறப்படக் காத்திருந்தபோது, எனக்கு முன்சீட்டிலிருந்த கோர்ட் குமாஸ்தா பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

“வெங்காயம்கூடத் தொடாத உடம்பு. அதுக்குப் போய் சர்க்கரை வியாதி வந்துடுத்து.”

“நீர் குடிச்ச பால்பாயசமெல்லாம் சைவம்தானே ஓய்.”

“தினம் ஊசி போடணும்னு டாக்டர் சொல்லிட்டார்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அந்த மருந்தை மாட்டோட வயித்துக்குள்ளேருந்து எடுக்கறாளாம்.”

“போட்டுக்கலேன்னா?”

“ஆறு மாசம் தாங்காதுன்னார்.”

“வாய் வழியாப் போகலையே, தோஷமில்லை. ஆத்துக்காரிக்குத் தெரியுமோ?”

“தெரியாம என்ன, அவதான் போட்டுவிடறா.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“ஊசியைக் கழுவி வச்சுட்டு, தலைமுழுகிட்டு வந்துதான் எனக்குக் காப்பி கலக்கறா.”