ஆரஞ்சு உள்ளங்கை

இல்லண்ணே, ஜன்னல் சீட்ட நீங்களே வச்சுக்குங்க. ரோடு தெரியற மாதிரி இந்த முதல் வரிசை கெடச்சா எனக்குப் போதும். கடைசி ஸ்டாப்பா? ரொம்ப நல்லதாப் போச்சு. கண்ணாடியும் போடறதில்லையா நீங்க? சும்மாத்தான் கேட்டேன்.

பையில என்ன, கேரட்டா? அத உள்ள தள்ளி வைங்கண்ணே. எங்க வீட்டுக் கதை அப்படி.

எங்கப்பா பகல்ல பறக்கற ஈய எண்ணுவாரு. பொழுது சாஞ்சா சொந்த வீட்டு வாசப்படியில இடிச்சுக்குவாரு. வீட்ல டிகிரி வாங்கின மொத ஆளு நான். படிச்சது காமர்ஸ்தான். ஆனா எங்கம்மாவுக்குப் பட்டம்னா எல்லாப் பட்டமும் ஒண்ணு. இதுக்கு மருந்து சொல்லுடான்னுட்டாங்க. தெரியாதுன்னா, அவங்க வயித்தக் கட்டிப் படிக்க வச்சதுக்கு என்ன அர்த்தம்? தேடிப் படிச்சேன். மங்கின வெளிச்சத்தப் பிடிக்கக் கண்ணுக்குப் பின்னாடி ஒரு சங்கதி இருக்காம். அது உருவாக வைட்டமின் ஏ வேணுமாம். அது கொறஞ்சா மொதல்ல போறது இருட்டுப் பார்வைதானாம். கீரை, முட்டை, கேரட்னு சொன்னேன். இதுவாத்தான் இருக்கணும்னு இல்ல, டாக்டரக் கேக்கணும்னும் சொன்னேன். அவங்க காதுல விழுந்தது கேரட் மட்டும்.

அப்புறம் மூணு வேளையும் அதுதான். அப்பாவுக்கு உள்ளங்கை, விரலெல்லாம் ஆரஞ்சாயிருச்சு. சத்து ஏறிருச்சுன்னு அம்மாவுக்குப் பெருமை. மாமா சும்மா இருப்பாரா? வைட்டமின் மாத்திரை டப்பாவோட வந்தாரு. ஒண்ணு போடறதுக்குப் பதிலா ஒரு கை அள்ளிப் போட்டா சீக்கிரம் தெரியும்னாரு. தெரிஞ்சுது. தலவலி, வாந்தி, முடி கொத்துக் கொத்தா. மிஞ்சினது வெளிய போகாதாம், ஈரல்லயே குடித்தனம் பண்ணுமாம்.

அப்பாவா? டிரைவர்ணே. பஸ்ஸுதான்.

பகல் டூட்டி கேட்டாரே, கேக்காம இருப்பாரா? மேனேஜர் கண் டெஸ்ட்டுக்கு அனுப்பினாரு. உச்சி வெயில் நேரம், தலைக்கு மேல ட்யூப் லைட்டு. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சிருக்காரு மனுஷன். அப்புறம் எந்த முகத்தோட பகல் டூட்டி கேக்கறது? சாயங்கால ட்ரிப்புதான். அதுக்கப்புறம் கண் பாதுகாப்பு வாரம்னு கூட்டம் போட்டு, ஆளுக்கொரு கேரட் குடுத்து போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அப்பா ஓட்டற பஸ்ஸுல ஒரு ஹெட்லைட்டு எரியறதில்ல. அதுக்கும் ஒண்ணு குடுத்திருக்கலாம்.

கடைசியில கண் டாக்டர்கிட்டயே போனோம். ரத்தத்தச் சோதிச்சுட்டுச் சிரிச்சாரு. டேங்க் நெறஞ்சு வழியுது, பல்புதான் போயிருச்சுன்னாரு. பரம்பரையா வர்ற கோளாறாம், கேரட்டுத் தோட்டத்தையே தின்னாலும் திரும்பாதாம். பையனையும் ஒரு தடவ பாத்துரலாமேன்னாரு. அம்மா மொறைச்சாங்க. அவனுக்கு எப்படி வரும் டாக்டர், அவன் டிகிரி படிச்சவன்னாங்க. நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன்.

டெப்போல சொல்லலாம்தான். சொன்னா பகல் டூட்டி குடுக்க மாட்டாங்கண்ணே, வீட்டுக்கு அனுப்பிருவாங்க. என் டிகிரிக்கு இன்னும் எவனும் வேலை குடுக்கல.

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஆமா, ஸ்டியரிங் மேல இருக்கற அந்தக் கைதான். அந்த ஆரஞ்சு நெறம் கேரட்டால வந்ததுதான்.

எந்திரிக்காதீங்கண்ணே, நடுவுல நிக்காது இது. பயப்படவும் வேணாம். இருட்டத் தொடங்கினா தினமும் நான்தான் பின்னாலருந்து ரோட்டச் சொல்லுவேன், அவரு ஓட்டுவாரு. இதுவரைக்கும் ஒரு கீறல் கெடையாது. போன வாரத்துலருந்து எனக்கும் கொஞ்சம் சரியாத் தெரியல. அதான் கண்ணு நல்லாயிருக்கற ஆளாப் பாத்துப் பக்கத்துல உக்காந்துக்கறேன்.

அதோ முன்னாடி கருப்பா நிக்குதே, அது லாரியா, நிழலா? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணே, அப்பாவுக்குக் கேக்கணும்.