பாதியில் நிறுத்தக் கூடாத பலகை

மரம் இழைக்கிற பழைய பிளேனர் மெஷின் வாங்குவதாக இருந்தால், முன்பின் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் வண்டவாளம் தெரியும். பக்கத்து வீட்டில் ஓடுகிற மெஷின்தான் உத்தமம். அதன் சத்தம் நமக்குப் பழகியிருக்கும். கத்தி மழுங்கினால் வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே சொல்லிவிடலாம்.

ஆர்வினுடைய மெஷினை நான் அப்படித்தான் அறிவேன். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் தபால்துறையில் இருந்தவன். இரண்டு பேருக்கும் மரவேலை வெறும் பொழுதுபோக்கு. மூடிப்போன ஒரு நாற்காலித் தொழிற்சாலையிலிருந்து அவர் அந்தப் பிளேனரைப் பிடித்துக்கொண்டு வந்து கார் ஷெட்டில் நிறுத்தினார். கன்றுக்குட்டி கனமிருக்கும். சொரசொரப்பான பலகையை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் ஒரே கனத்தில், கன்னம் போல வழவழவென்று வரும். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது சொல்லும்போதுகூடப் பாருங்கள், சிரிப்பு வருகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள், ஆபீசர்.

ஆர்வின் தாராளமானவர். என் பலகைகளையும் இழைத்துக் கொடுப்பார். ஆனால் உள்ளே தள்ளுவது அவர்தான். நான் மறுபக்கம் நின்று, வருவதை வாங்கி அடுக்க வேண்டும். நானே தள்ளிப் பார்க்க எனக்குக் கை அரிக்கும். விலைக்குக் கேட்டுப் பார்த்தேன்.

"நான் மண்டையப் போட்டப்புறம் எடுத்துக்கோ, கிளென்" என்று சிரித்தார். "அதுவரைக்கும் நீ பொறுக்கிப் போடுற ஆளுதான்."

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அதை ஒரு ஏற்பாடாக எடுத்துக்கொண்டேன் என்று வேர்னா சொல்வது நியாயமில்லை. வேர்னா அவருடைய மனைவி.

அந்தச் சனிக்கிழமை நான் வால்நட் மரப் பலகைகள் கொண்டுபோயிருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வெயில், ஷெட் முழுக்க மரச்சுருள் பறந்தது, எனக்கு ஏக குஷி. மூன்றாவது பலகை பாதி உள்ளே போயிருந்தபோது ஆர்வின் மார்பைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு அதிலிருந்து சரிந்து சுருள்களின் மேல் விழுந்தார். நான் குனிந்து, மெஷின் சத்தத்துக்காக மாட்டியிருந்த காதுக் கவசத்தை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கேட்டேன்.

"என்ன ஆச்சு, ஆர்வின்?"

"பரவால்ல" என்றார். "ரொம்ப மோசமில்ல."

நீங்களும் மினசோட்டாக்காரர்தானே. இங்கே களஞ்சியம் தீப்பிடித்து எரிந்தாலும் 'ரொம்ப மோசமில்ல' என்றுதான் சொல்வோம். அடுத்தவரைத் தொந்தரவு செய்வது நம் ஆட்களுக்கு ஆகாது. ஒரு மனிதர் தன் வாயால் சொன்னதை நான் நம்பினேன்.

மேலும், பலகை பாதியில் இருந்தது. பாதியில் நிறுத்தினால் கத்தி நின்ற இடத்தில் குறுக்கே ஒரு பள்ளம் விழும். பலகை பாழ். அதனால் அந்தப் பக்கம் போய் அதை வாங்கி வைத்தேன். அப்போதுதான் உறைத்தது: மெஷின் ஓடுகிறது, தள்ளுகிற பக்கத்தில் ஆளில்லை.

நான்காவது பலகையை நானே கொடுத்தேன். உருளை அதைக் கவ்வி என் கையிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டது. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன். பிறகு ஐந்தாவது. கொடுத்துவிட்டு மறுபக்கம் ஓடி வாங்குவேன், திரும்ப ஓடி வருவேன். சின்னப்பிள்ளை மாதிரி ஆர்வினின் காலைத் தாண்டித் தாண்டி ஓடினேன். மிதிக்கவில்லை, கவனமாகத்தான் இருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை வாயை அசைத்தார். முன்னே சொன்னதையே சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

எல்லாப் பலகையும் முடிந்தது. மெஷினை நிறுத்தினேன். பிறகு, எந்தத் தாமதமும் இல்லாமல், வேர்னாவைக் கூப்பிட்டேன்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பிடும்போது அவள் என்னிடம் சொன்னாள்: "சமையல்கட்டுல மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, கிளென். மனுஷன் நல்லா இருக்காருன்னு நெனச்சேன்." அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். அவளுக்காவது அது ஆறுதலாக இருந்ததே என்று எனக்குத் திருப்தி.

என் தப்பு பிறகுதான் நடந்தது. நேற்று வேர்னா காபி ஊற்றிக்கொண்டே, "அந்த மெஷின நீயே எடுத்துக்கோயேன்" என்றாள்.

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவை 'ஐயோ, வேண்டாம்'. அவள் மறுபடி சொன்னால் 'சேச்சே, எப்படி'. மூன்றாவது தடவைதான், 'நீ இவ்வளவு சொல்றதால...' கடைசிக் கேக் துண்டுக்கே இந்த முறை உண்டு. நான் அவள் வாய் மூடுவதற்குள் "சரி" என்றேன்.

காபி ஊற்றுகிற கை நின்றது.

"சும்மா வேண்டாம், காசுக்குத்தான்" என்று உடனே காசோலையை எடுத்து மேசையில் வைத்தேன். வீட்டிலேயே எழுதிக் கொண்டுபோயிருந்தேன். விலை கொடுத்து வாங்கிய பொருள் அது, தயவுசெய்து அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் காசோலையையே பார்த்தாள். "கிளென், அன்னிக்குச் சத்தம் நின்ன உடனே நீ கூப்பிட்ட."

"ஆமா."

"அப்போ அவ்வளவு நேரம் ஓட்டுனது யாரு?"

"வேலைய எப்படி வேர்னா பாதில விடுறது?" என்றேன். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன் தெரியுமா.

அவள் எழுந்து தொலைபேசி பக்கம் போனாள். நான் ஷெட்டுக்குப் போனேன். நீங்கள் வந்தபோது மெஷினின் கடைசிப் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சீட்டியடித்துக்கொண்டிருந்தேன் என்றும் எழுதியிருப்பீர்கள். உண்மைதான், சந்தோஷமாக இருந்தேன்.

அவர் இரண்டாவது தடவை என்ன சொன்னார் என்று விடாமல் கேட்கிறீர்கள். காதுக் கவசத்தைத் தூக்கியிருந்தால் கேட்டிருக்கும். தூக்கவில்லை. கேட்டுவிட்டால் நிறுத்த வேண்டியிருக்குமே.

தடயமாக எடுத்து வைத்திருக்கிறீர்களே, அந்தப் பலகைகளைத் தடவிப் பாருங்கள், ஆபீசர். ஒன்றில்கூட ஒரு குறை இருக்காது.