கொதிகலனைக் கழற்றிய கப்பல்

மணி அடிக்கிறது. நிற்காமல் அடிக்கிறது. ஜப்பான் விமானம் வருகிறது.

நான் கீழே, கொதிகலன் அறையில். திருகோணமலையை விட்டு இரண்டாம் நாள். காலை. முதல் குண்டு கடலில் விழுந்தது. தகரக் கூரையில் பாறை உருண்ட சத்தம். கப்பல் சாய்ந்து நிமிர்ந்தது. இரண்டாவது குண்டின் சத்தம் எனக்கு நினைவில்லை. இடது காது அந்த நொடியிலேயே போய்விட்டது.

"சின்னசாமியண்ணே, மேல ஏறுங்க! எண்ணெ பத்திக்கிச்சு!"

மேலிருந்து ரசூல் கத்துகிறான். ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்தவரின் தம்பி. கப்பலில் சமையற்கட்டு வேலை. நான் மலைநாட்டு றொசல்லவில் தேயிலைத் தொழிற்சாலை எஞ்சினுக்கு எண்ணெய் போட்டவன். துறைமுக வேலைக்கென்று இரண்டு பேரும் திருகோணமலை போனோம். ஆள் போதாதென்று கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள்.

கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது டிஸ்ட்ராயர், வெள்ளைக்காரனின் போர்க்கப்பல். முதல் மகாயுத்தத்துக்குக் கட்டியது. எதிரியைத் துரத்தி டார்பிடோ விடுவது அதன் வேலை. எங்கள் காலத்தில் கிழடு. ஆனாலும் விடவில்லை. டார்பிடோக் குழாய்களைக் கழற்றினார்கள். நீர்மூழ்கிகளைத் தகர்க்கும் வெடிப்பீப்பாய்களை அடுக்கினார்கள். முன்பக்கக் கொதிகலனைப் பிடுங்கிவிட்டு, அங்கே கீழே எண்ணெய்த் தொட்டி, மேலே ஆட்கள் படுக்க ஓர் அறை. வேகம் குறைந்தது. போகும் தூரம் கூடியது. சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்வந்தது. எங்களை அந்த அறையில்தான் படுக்கவைத்தார்கள். எண்ணெய்க்கு மேலே.

இரண்டாவது குண்டு அங்கே விழுந்தது.

ஏணியில் ஏறினேன். கரும்புகை. அறையின் இரும்புக் கதவு நெளிந்து இறுகிவிட்டது. கை வைத்தேன். அதிர்ந்தது. உள்ளே தட்டுகிறார்கள். வெள்ளைக்கார மேலாள் எங்களை விலகிப் போகச் சொல்லிக் கையை ஆட்டுகிறார். நாங்கள் போகவில்லை. பெரிய ஸ்பானரால் தாழ்ப்பாளை அடித்தேன். ரசூல் தோள்கொடுத்துத் தள்ளினான். திறந்தது. மூன்று பேர் தவழ்ந்து வந்தார்கள்.

ரசூல் என் வலது காதில் கத்தினான். "இன்னும் ஆள் இருக்குண்ணே!"

"போகாதடா!"

போனான். மேல்தளம் இடிந்து இறங்கியது.

தீயை அணைத்தோம். கப்பல் மூழ்கவில்லை. ஒற்றை எஞ்சினில் நொண்டி நொண்டித் துறைமுகம் சேர்ந்தது. ஒட்டுப்போட்டு மறுபடி கடலுக்கு அனுப்பினார்கள். நானும் போனேன். யுத்தம் முடிந்ததும் பீரங்கிகளை இறக்கிவிட்டு, உடைக்கிற இடத்துக்கு இழுத்துப்போனார்கள்.

நான் மலைக்குத் திரும்பினேன். தோட்டத்து வரிசை வீடுகளான அதே லயம். அதே தொழிற்சாலை. லெட்சுமியைக் கட்டினேன். நாற்பத்தேழில் ஓட்டுப் போட்டேன். அடுத்த வருஷம் சட்டம் வந்தது. நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லையாம்.

குடியுரிமைப் பதிவு கேட்டு மனுப் போட்டேன். ஹட்டனில் விசாரணை. அதிகாரி சிங்களத்தில் கேட்டார். கிளாக்கர் தமிழில் சொன்னார்.

"ஒங்க அப்பா எங்க பொறந்தாரு?"

"இங்கதாங்க. றொசல்ல லயத்துல."

"அத்தாட்சி?"

"லயத்துல பொறந்ததுக்கு அந்தக் காலத்துல யாருங்க அத்தாட்சி குடுத்தா? கப்பல்ல ஏத்துனப்ப எங்கப்பா எங்க பொறந்தாருன்னு ஒருத்தரும் கேக்கலைங்க."

கிளாக்கர் அதை மொழிபெயர்க்கவில்லை. நானே சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி அடுத்த மனுவை எடுத்தார். மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

இப்போது இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் எங்களைப் பங்கு பிரித்திருக்கின்றன. போன வாரம் இந்தியாவுக்குப் போக மனு எழுதச் சொல்லி லயத்துக்கு ஆள் வந்தார். நான் வாய் திறக்கும் முன் லெட்சுமி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"நான் பொறந்தது மஸ்கெலியா. இந்தியா எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. நாங்க எழுதப் போறதில்ல. நீங்க போயிட்டு வாங்க."

வந்தவர் போனார். மறுபடி வருவார். பதில் அதேதான்.

போனதைச் சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் செத்தது ஆறு பேர். மலையாளிகள் இருவர். காலிப் பக்கத்துச் சிங்களவர் ஒருவர். வெள்ளைக்காரர் இருவர். ரசூல். யாருக்கும் கல்லறை இல்லை. கடலில் இறக்கினோம். என் இடது காது. அந்தக் கப்பல். என் ஓட்டு. எழுதிக்கொடுத்துவிட்டு இந்தியாவுக்குக் கிளம்பத் தயாராகும் என் தம்பி குடும்பம்.

நான் கிளம்பவில்லை.