ஆறாவது கேள்வியின் தப்பு விடை

— டீயெல்லாம் வேணாம்மா. அந்த ஆறாவது கேள்விய எடுக்க முடியுமா, முடியாதா?

— கத்தாதீங்க லா சித்தப்பா. மேலதான் என் ஆபீஸ். எல்லாரும் இங்கதான் சாப்பிட வருவாங்க.

— வரட்டும்! பிரிக்ஃபீல்ட்ஸ்ல உனக்கு மானம் போவுதோ? கிள்ளான்ல, ஸ்டோர்ல, நாப்பது பேரோட உக்கார வச்சு நீ செஞ்ச சேஃப்டி கோர்ஸை ஸ்கிரீன்ல காட்டினாங்க. எனக்கு அங்கேயே போயிடுச்சு.

— கோர்ஸ் நல்லா இல்லியா?

— நல்லா இருந்துச்சு, அதான் வயித்தெரிச்சல். 'ஃபோர்க்லிஃப்ட்ட ரிவர்ஸ் எடுக்கையில என்ன செய்யணும்?' கீழ ஒரு தப்பு விடை: 'ஹார்ன் எதுக்கு, இந்த மழையில எவன் வரப் போறான்.' நான் சொன்ன வார்த்தை வாணி. அச்சு அசலா அப்படியே.

— தப்பு விடை நெஜமா இருக்கணும் சித்தப்பா. சும்மா இட்டுக்கட்டினா எல்லாரும் சரியானதத் தட்டிட்டுப் போயிடுவாங்க. மனுஷங்க நெஜமா பண்ற தப்பத் தேடிப் புடிக்கிறதுதான் என் வேலையே.

— பெரிய இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர்! அதுக்குத்தான் தீபாவளிக்கு வந்து, முறுக்கத் தின்னுக்கிட்டே என் வாயக் கெளறினியா?

— பேர மாத்திட்டேனே! கதையில வண்டி ஓட்டுறவன் பேரு அஸ்மி.

— கடைசி ஸ்கிரீன்ல?

— அங்க நன்றி மட்டும்தான் போட்டேன்.

— 'அனுபவத்தைப் பகிர்ந்துகொண்ட திரு. பக்கிரிசாமிக்கு நன்றி.' எவ்ளோ பெரிய எழுத்துல!

— ஐயோ, மரியாதைக்குப் போட்டேன் சித்தப்பா. கதை குடுத்தவங்களுக்கு நன்றி போடுறது எங்க வழக்கம். சத்தியமா யோசிக்கல.

— பத்து வருஷத்துக்கு முன்னால எங்க ஸ்டோர்ல கூட வேலை செஞ்ச சிவநேசன் கால் நசுங்கிச்சே, பிரேக் பழுது, வண்டி தானா உருண்டுச்சுன்னுதான் ரிப்போர்ட். நொண்டி நொண்டி அவனும் போய்ச் சேர்ந்துட்டான். இப்ப மேனேஜ்மெண்ட் கேக்குது, ஓட்டினது நீதானான்னு. நாளைக்கு விசாரணை. என் வேலை போவுதும்மா. கதை கற்பனைன்னு ஒரே ஒரு லெட்டர் குடு.

— முடியாது சித்தப்பா.

— என்னது?

— நெஜக் கதைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். அதுக்காகத்தான் உங்க கம்பெனியில கோர்ஸையே வாங்கினாங்க. மூணு வருஷம் அடுத்தவங்க ஸ்லைடுக்குக் கலர் அடிச்சேன். சனி ஞாயிறெல்லாம் கிளாஸுக்கு ஓடினேன். இது என் முதல் சொந்த கோர்ஸ். இதையே பொய்னு எழுதிக் குடுத்தா, அப்புறம் எவன் என்னை நம்பி வேலை குடுப்பான்?

— ஆக, சித்தப்பன் நடுத்தெருவுல நிக்கலாம். தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்ச புள்ள நீ.

— அப்படிச் சொல்லாதீங்க. அப்பா அங்கதானே சேஃப்டி சூப்பர்வைசர்? அவர்கிட்ட பேசுங்களேன்.

— பேசினேன். அண்ணன் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

— அவரு என்ன செய்வாரு, தப்பு உங்களோடதா இருக்கும்போது? 'நான்தான் ஹார்ன் அடிக்கல'ன்னு நீங்கதானே சொன்னீங்க? சொன்னீங்களா, இல்லியா?

— சொன்னேன். உன்கிட்ட வேற எப்படிம்மா சொல்றது? அன்னிக்கு அந்த வண்டிய ஓட்டினது உங்கப்பா. நாளைக்கு என்னை விசாரிக்கப் போறதும் அவருதான்.