திறப்பேன் என்று சொன்னவள்

ராத்திரி எட்டேகால் இருக்கும். குத்துக்கல்வலசையில் கடைசித் தெருவைத் தாண்டினால் இலத்தூர்ப் பக்கமாக ஒரு மண் ரோடு போகும். இரண்டு பக்கமும் மனைக்கல் நட்டுவைத்து, இன்னும் வீடு வராத இடம். ஒரே ஒரு தெருவிளக்கு. அதற்கப்புறம் இருட்டு. சாரல் பெய்துகொண்டிருக்கிறது. அந்த ரோட்டில் ஒரு பெண், கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறாள்...

இருங்கள். முதலில் அந்தக் கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டு வருகிறேன்.

ம்... நீங்கள் இப்போது அந்த ஜாம்பித் தொடரில் ஒரு எபிசோடைப் பார்த்து முடித்துவிட்டு ஆளுக்கு ஒன்று பேசினீர்களே. நானாக இருந்தால் திறந்திருப்பேன், நான் திறக்க மாட்டேன் என்று. இனிமேல் யாரும் அதைச் சொல்லாதீர்கள். விளையாட்டுக்குக்கூட வேண்டாம். வெளியே அருவிச் சத்தத்தில் என் குரல் கேட்கவில்லை என்றால் கிட்டத்தில் வந்து உட்காருங்கள். கத்திச் சொல்கிற விஷயம் இல்லை இது.

என்னோடு போலீஸில் இருக்கிற விஜய்பாண்டியின் மதினிக்கு நடந்தது. அண்ணன் மனைவி. பெயர் மாரிச்செல்வி. விஜய்பாண்டி கதை கட்டுகிற ஆள் இல்லை. தூக்கில் தொங்கியவர்களை இறக்கியிருக்கிறான், தண்டவாளத்தில் கிடந்ததைச் சாக்கில் அள்ளியிருக்கிறான், அப்புறம் வந்து பரோட்டா சாப்பிட்டிருக்கிறான். அப்பேர்ப்பட்டவன் இதைச் சொல்லும்போது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

அவனுடைய அண்ணன் சங்கரபாண்டி ராணுவத்தில் இருந்தார். நல்ல உயரம். வீட்டு நிலையில் குனிந்துதான் நுழைவார். வடக்கே பனிமலையில் காவலுக்கு நின்றபோது பனிச்சரிவு விழுந்து மூடிவிட்டது. பனி உருகிய பிறகுதான் எடுத்தார்கள். கொடி போர்த்திய பெட்டி வந்தது. ஆணி அடித்த பெட்டி. மாரிச்செல்வி அதன் மேல் விழுந்து, ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டுங்கள் என்று கெஞ்சினாள். கூட வந்த அதிகாரி தலையை ஆட்டிவிட்டார். வேண்டாம்மா... அவ்வளவுதான் சொன்னார். மகள் அபி அப்போது கைப்பிள்ளை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அவர் கட்டிய வீட்டில்தான் தாயும் மகளும் இருந்தார்கள். அந்த மண் ரோட்டில், தனி வீடு. மாரிச்செல்விக்குப் பகலில் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் தெருவுக்குள் பேச்சித்தாய் வீட்டுக்குப் போவாள். பேச்சித்தாயின் மகன் புவனேஷ் பெரிய டிவி வாங்கியிருந்தான். இதே ஜாம்பித் தொடர்தான். புவனேஷ் ஒரு சேனல் வைத்திருந்தான். எல்லாரும் பார்க்கும்போது அவர்களுடைய முகத்தைப் போனில் படம் பிடித்து ஏற்றுவான். யார் அலறுகிறார்கள், யார் அழுகிறார்கள் என்று பார்க்க ஒரு கூட்டம் இருக்கிறதே.

அன்றைக்கும் இந்த எபிசோடுதான். விஸ்வநாதன் நடுவில் தூங்கிவிட்டான், அவனுக்காகச் சொல்கிறேன். செத்த புருஷன் எழுந்து நடந்து வந்து வீட்டு வாசலில் நிற்கிறான். உள்ளே மனைவி. அவன் கதவைப் பிறாண்டுகிறான். அவளுக்குத் தெரியும், அது அவன் இல்லை. ஆனால் அவன் மட்டும் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி அது கூப்பிடுகிறது. அவள் அழுதுகொண்டே தாழ்ப்பாளை எடுக்கிறாள். திரை இருண்டுவிடுகிறது. அத்தோடு முடிந்தது.

பேச்சித்தாய் டிவியைப் பார்த்தே கத்தினாள். "ஏட்டி, தொறக்காதட்டி! அது ஒம் புருசன் இல்ல!" மகள் நிவேதா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். புவனேஷ் அப்போதும் படம் பிடித்துக்கொண்டிருந்தான். போனை ஒவ்வொருவர் முகத்துக்கும் கொண்டுபோய்க் கேட்டான்: "நீங்களா இருந்தா தொறப்பீங்களா?"

"நான் மாடியில இருந்து குதிச்சிருவேன்" என்றாள் நிவேதா.

"ஒங்கப்பா உசுரோட வந்தாலே பத்து மணிக்கு மேல நான் கதவத் தொறக்க மாட்டேன்" என்றாள் பேச்சித்தாய். எல்லாரும் சிரித்தார்கள்.

போன் மாரிச்செல்வி முகத்துக்கு வந்தது. அவள் மடியில் அபி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் தொறப்பேன்."

"அக்கா... கடிச்சிருவாருக்கா."

"கடிக்கட்டும். எப்பிடி வந்தாலும் சரி. என்ன கோலத்துல வந்தாலும் சரி. ஒரு தடவ மொகத்தப் பாத்தாப் போதும். தொறப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. பேச்சித்தாய்தான் போனைத் தட்டிவிட்டாள். "என்ன பேச்சுட்டி பேசுத? ராத்திரி நேரத்துல... வாயக் கழுவு."

அதற்கப்புறம்தான் அவள் பிள்ளையை எழுப்பி, நான் முதலில் சொன்ன ரோட்டில் நடந்தது. குடையில் சாரல் பட்டுப் பொடியாகத் தெறித்தது. தெருவிளக்கைத் தாண்டியதும் அபி கையை இழுத்தாள்.

"அம்மா, மெதுவாப் போவோம்."

"ஏன்? கால் வலிக்கா?"

"எனக்கில்ல. பின்னால வாரவங்களால வேகமா வர முடியல."

மாரிச்செல்வி திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. மனைக்கற்கள். புல். ஆனால் ஒரு சத்தம்... நனைந்த சாக்கை மண்ணில் இழுத்தால் வருமே... சரக்... கொஞ்சம் நிற்கும்... மறுபடி, சரக்... நாயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

புவனேஷ் அந்த வீடியோவை ஏற்றினான். மற்ற முகங்களை யாரும் கவனிக்கவில்லை. மாரிச்செல்வி பேசியதைத்தான் வெட்டி வெட்டிப் பகிர்ந்தார்கள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அழுதோம் என்று எழுதினார்கள். புருஷனைப் பறிகொடுத்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள்... நாங்களும் திறப்போம் அக்கா என்று எழுதினார்கள். கவலைப்படாதே, அவர் கண்டிப்பாக வருவார் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆறுதலுக்குத்தான் எழுதியிருப்பார்.

நாலைந்து நாள் கழித்து ஒரு ராத்திரி. காற்று அடித்து எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. மாரிச்செல்வி மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு அபிக்குத் தோசை ஊட்டிக்கொண்டிருந்தாள். வெளியே தவளைகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன.

சட்டென்று தவளைச் சத்தம் நின்றது. ஒன்றுகூடக் கத்தவில்லை.

முதலில் வாசனைதான் வந்தது. நனைந்த கம்பளி. மண்ணெண்ணெய். லீவில் வரும்போதெல்லாம் அவருடைய ஸ்வெட்டரில் வருகிற வாசனை. அங்கே குளிருக்கு மண்ணெண்ணெய் அடுப்பு பற்றவைப்பார்களாம், அந்த வாசனை துவைத்தாலும் போகாது. மாரிச்செல்விக்குக் கையில் இருந்த தோசை நழுவியது. அதற்கப்புறம் குளிர். நம் சாரல் குளிர் இல்லை. ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டால் விரல் நுனி வலிக்குமே, அந்தக் குளிர். கதவுக்குக் கீழே இருக்கிற சந்து வழியாகத் தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது.

தப்... தப்...

உள்ளங்கையால் தட்டுகிற மாதிரி.

"செல்வி..."

ஊரே அவளை மாரி என்றுதான் கூப்பிடும். செல்வி என்று கூப்பிட்டவர் ஒருவர்தான்.

"செல்வி... வந்துட்டேன்... குளுருது... தொற."

அவருடைய குரல். இழுத்துப் பேசுகிற அதே இழுப்பு. அவள் எழுந்துவிட்டாள். பயம் இருந்ததா என்று விஜய்பாண்டி கேட்டதற்கு, இல்லை தம்பி, சந்தோஷமாக இருந்தது என்றாளாம். அதைச் சொல்லும்போதுதான் அவன் கிளாஸைக் கீழே வைத்தான். அவள் ஓடிப்போய் மேல்தாழ்ப்பாளில் கையை வைத்துவிட்டாள். இரும்பு விரலில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவு குளிர். பாதி இழுத்துவிட்டாள்.

அபி சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. மெதுவாகக் கேட்டாள்:

"அம்மா... அப்பா ஏன் தரையில இருந்து பேசுதாரு?"

அப்போதுதான் மாரிச்செல்விக்கு உறைத்தது. குரல் அவள் முகத்துக்கு நேரே வரவில்லை. காலடியில் இருந்து வந்தது. தட்டுகிற சத்தமும் கதவின் அடியில்தான். வாசலில் குனிந்து நுழைகிற மனிதர் அவர்...

அவள் தாழ்ப்பாளை விடவில்லை. கதவோடு ஒட்டி நின்று கேட்டாள்.

"என்னங்க... ஒரு நிமிசம் ஜன்னல் பக்கம் வாங்க. மொகத்தப் பாக்கணும்."

மெழுகுவர்த்திச் சுடர் கதவுப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அப்புறம் அதே குரல், குழந்தை சொல்கிற மாதிரிச் சொன்னது.

"ஜன்னல் எட்டல செல்வி."

அந்தப் பெட்டியை மயானத்துக்குத் தூக்கிப்போன நாலு பேரில் விஜய்பாண்டி ஒருவன். ஆறடி ஆள் இருக்கிற பெட்டி கனக்கவே இல்லை என்று அன்றைக்கே அவனுக்குத் தெரியும். தூக்கின நாலு பேருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மதினியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. என்ன கோலத்தில் வந்தாலும் என்று சொன்னவள் அவள். சொன்னதைச் செய்யத்தான் அப்போதும் நினைத்தாள். தாழ்ப்பாளில் இருந்த கை மேலும் கொஞ்சம் இழுத்தது. அபிதான் அவள் காலைக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சேலைக்குள் புதைத்துக்கொண்டாள். பிள்ளை உடம்பு கிடுகிடுவென்று ஆடியது.

மாரிச்செல்வி தாழ்ப்பாளைத் திரும்பத் தள்ளினாள். கதவில் முதுகைச் சாய்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ள பயப்படுதாங்க... நான் மட்டும்னா தொறந்துருவேன். புள்ள இருக்கா. போயிருங்க. சாமியாப் போயிருங்க."

வெளியே இருந்தது கோபப்படவில்லை. கதவை உடைக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"புள்ளையா... எங்க... எம் புள்ள பேசட்டும்."

மாரிச்செல்வி அபியின் வாயைப் பொத்தினாள். விடிகிறவரை அந்தக் கையை எடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால், பலகைக்கு அந்தப் பக்கம், யாரோ சாய்ந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பாரம். நடுவில் எப்போதாவது... தப்... தப்... முதுகில் தட்டிக்கொடுப்பது போல.

கிழக்கு வெளுக்கும்போது தவளை ஒன்று கத்தியது. பாரம் போய்விட்டது.

டூட்டி முடிந்து வருகிற வழியில் விஜய்பாண்டி வழக்கம்போல எட்டிப் பார்க்க வந்தான். வாசலில் மழை மண்ணைக் கழுவிவிட்டிருந்தது, தடம் எதுவும் இல்லை. ஆனால் கதவின் அடிப்பாகம் மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது. சுண்ணாம்போ என்று தொட்டான். விரல் சுரீர் என்றது. பனி. நம் தென்காசியில், காலை ஆறு மணிக்கு. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகி ஓடியது. உள்ளே மாரிச்செல்வி கேட்ட முதல் கேள்வி: "தம்பி, அந்தப் பெட்டியில என்ன இருந்துச்சு?" அவன் அன்றைக்கே இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

தென்காசி ஊருக்குள், அவன் வீட்டில், இரண்டாவது மாடி. எந்நேரமும் ஆள் நடமாட்டம். புவனேஷ் அழுதுகொண்டே வந்து வீடியோவை அழித்துவிட்டேன் என்று காட்டினான். சங்கரபாண்டி பெயரில் செய்ய வேண்டியதையெல்லாம் மறுபடி செய்தார்கள். மாரிச்செல்வி பழையபடி வேலைக்குப் போனாள். ஒன்றும் வரவில்லை. ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை நகர்த்தியபோது, வாசல் கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சில் கோடுகள் இருப்பதை விஜய்பாண்டி பார்த்தான். ஒன்றன் மேல் ஒன்றாக, நெருக்கி நெருக்கி, நிறைய. அபியைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"என்னது இது? சுவரெல்லாம் கிறுக்கி வச்சிருக்க?"

"கிறுக்கல சித்தப்பா. நான் எம்புட்டு ஒயரம்னு அளந்து வச்சிருக்கேன்."

"தெனமுமா அளப்பாங்க?"

"அப்பா தெனமும் கேக்காருல்லா."

அம்மாவிடம் சொல்லியிருக்கிறாயா என்று கேட்டான். சொல்லக் கூடாதாம் என்றாள். அப்புறம் கதவோடு ஒட்டி நின்று, கையை மேலே நீட்டி, மேல்தாழ்ப்பாளைக் காட்டினாள். சிரித்தாள்.

"அதுவரைக்கும் வளந்தாப் போதுமாம்."